இன்ஜின் கம்பெனியே எழுதற ஆராய்ச்சிப் பேப்பரை நம்பலாமா? வார்ட்சிலாவை வச்சு ஒரு நீளமான பதில்

கேள்வி இதான்: மரைன் இன்ஜினியரிங் ஃபைனல் இயர் படிக்கற ஒரு தம்பி டூயல் ஃபியூவல் இன்ஜின் (காஸ், டீசல் ரெண்டுலயும் ஓடறது) பத்தி ப்ராஜெக்ட் பண்றாப்ல, கைல கிடைச்ச பேப்பர்ல பாதிக்கு மேல வார்ட்சிலா கம்பெனி ஆளுங்களே எழுதினது, கைடு "இதெல்லாம் கம்பெனி விளம்பரம்பா, ரெஃபரன்ஸ்ல போடாதே"ன்னு சொல்லிட்டாராம், இதை நம்பலாமா கூடாதான்னு கேட்டிருக்காப்ல.

நம்பலாம் தம்பி. உங்க கைடு சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, அது எந்தப் பாதின்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன். இந்தக் கம்பெனிங்க பேப்பர் படிக்கற பெரிய இடம் சிமாக்ங்கற பெரிய இன்ஜின்காரங்களோட சர்வதேச மாநாடு, 1951ல பாரிஸ்ல ஆரம்பிச்ச அமைப்பு, மூணு வருஷத்துக்கு ஒருதடவை கூடுவாங்க (2022ல நடக்கவேண்டியது கொரோனாவால தள்ளிப்போய் 2023ல பூசான்ல நடந்துச்சு, அதுக்கு அடுத்தது 2025ல சூரிக்ல). அங்க மேடைல நின்னு பொய் கர்வ் காட்டிட்டு இறங்கிட முடியாது, எதிர்ல உக்காந்திருக்கறது போட்டி கம்பெனி டிசைனர், கப்பல் ஓனரோட டெக்னிக்கல் ஆளு, கிளாஸ் சொசைட்டி (கப்பலைச் சோதிச்சு தரச் சான்று குடுக்கற அமைப்பு) சர்வேயர், ஆயில் கம்பெனி கெமிஸ்ட், கேள்வி கேட்டே கிழிச்சுடுவாங்க. அதனால எண்ணு பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். ஆனா எதை அளக்கறது, எந்த லோடுல அளக்கறது, எதைப் பக்கத்துல வச்சு ஒப்பிடறது, இதையெல்லாம் முடிவு பண்றது கம்பெனி. நீங்க சந்தேகப்பட வேண்டியது அந்த இடத்துலதான்.

முதல்ல இந்தக் கம்பெனி எதுன்னு சுருக்கமா. ஃபின்லாந்துல ரஷ்ய எல்லை ஓரமா கரேலியாங்கற பகுதில வார்ட்சிலான்னு ஒரு ஊர், 1834ல அங்க மரம் அறுக்கற மில்லா ஆரம்பிச்சது, அப்புறம் இரும்பு, அப்புறம் கப்பல் கட்டறது, 1938ல ஜெர்மனில க்ரூப் கம்பெனிகிட்ட லைசென்ஸ் வாங்கி டீசல் இன்ஜின், முதல் இன்ஜின் 1942ல துர்கு நகரத்துல வெளிய வந்துச்சு. கப்பல் கட்டற பிரிவு 1989ல திவால் ஆச்சு, இன்ஜின் தப்பிச்சுது. 1997ல ஸ்விட்சர்லாந்துல வின்டர்தூர்ல இருந்த சுல்சர் டீசல் இவங்க கைக்கு வந்துச்சு, அது சாதாரண விஷயம் இல்ல, 1898லயே முதல் டீசல் இன்ஜின் ஓட்டின வீடு அது. சுல்சர் வந்ததுமே பெரிய டூ ஸ்ட்ரோக் இன்ஜினும் கைல, ஃபின்லாந்துல வாசா நகரத்து மீடியம் ஸ்பீடு ஃபோர் ஸ்ட்ரோக்கும் கைல. அந்த டூ ஸ்ட்ரோக் பிரிவு 2015ல சீனாவோட அரசு கப்பல் கட்டற கம்பெனி சிஎஸ்எஸ்சி கூட கூட்டுக் கம்பெனியா மாறி வின்ஜிடின்னு பேர் வாங்கிச்சு, அடுத்த வருஷமே வார்ட்சிலா தன் மிச்சப் பங்கையும் வித்துட்டு வெளிய வந்துடுச்சு. இதை ஏன் சொல்றேன்னா, பழைய பேப்பர்ல வார்ட்சிலா ஸ்விட்சர்லாந்துன்னு போட்டிருக்கற ஆராய்ச்சியோட தொடர்ச்சியை இன்னிக்கு வின்ஜிடி பேர்லதான் தேடணும், நிறைய பசங்க இது தெரியாம பாதில விட்டுடறாங்க.

இந்த மாதிரி கம்பெனியோட ஆராய்ச்சின்னா பேப்பர் மட்டும்னு நினைச்சுடாதீங்க. பேட்டன்ட் ஒரு பக்கம், ப்ராடக்ட் கைடு ஒரு பக்கம், சர்வீஸ் லெட்டர் ஒரு பக்கம், எல்லாத்துக்கும் மேல அந்த இன்ஜினே ஒரு ஆராய்ச்சி முடிவுதான். ஆர்டி ஃப்ளெக்ஸ்ங்கற டூ ஸ்ட்ரோக் இன்ஜினை எடுத்துக்கங்க. நூறு வருஷமா டீசல் இன்ஜின்னா கேம்ஷாப்ட் இருக்கும், எப்ப எண்ணெய் பீச்சணும், எப்ப எக்சாஸ்ட் வால்வு திறக்கணும்னு அந்த கேம் வடிவமே முடிவு பண்ணிடும், ஓடற கப்பல்ல மாத்த முடியாது. வின்டர்தூர் ஆளுங்க அதை மொத்தமா தூக்கிட்டு காமன் ரெயில் (ஒரே குழாய்ல அழுத்தமா எண்ணெயை வச்சு எலக்ட்ரானிக்கா பீச்சறது) போட்டாங்க, 1998ல டெஸ்ட் இன்ஜின், 2001ல ஜிப்சம் சென்டினியல்ங்கற கப்பல்ல முதல் இன்ஜின். பத்து பன்னெண்டு ஆர்பிஎம்ல கூட புகை இல்லாம நிதானமா ஓடுச்சு. 2006ல எம்மா மேர்ஸ்க்ங்கற கன்டெய்னர் கப்பல் வந்தப்ப அதே குடும்பத்து 14 சிலிண்டர் இன்ஜின், 960 மில்லிமீட்டர் போர், 2500 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 80,080 கிலோவாட், 102 ஆர்பிஎம், எடை 2300 டன். எரிபொருள்ல இருக்கற சக்தில ஏறக்குறைய பாதி ஷாப்ட்டுக்கு வரும். இதுக்கெல்லாம் ரெஃபரன்ஸ் போடாம எப்படி ப்ராஜெக்ட் எழுத முடியும்?

இன்னொண்ணு, நிறைய பேருக்குத் தெரியாதது, போட்டி கம்பெனிங்களே சேர்ந்து பண்ண ஆராய்ச்சி. ஹெர்குலிஸ்னு ஐரோப்பிய யூனியன் பணத்துல 2004ல ஒரு திட்டம், 2018 வரைக்கும் நாலு கட்டமா போச்சு, போட்டி இன்ஜின் கம்பெனியான மேனும் (MAN) வார்ட்சிலாவும் ஒரே திட்டத்துக்குள்ள, ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்துது. அதுல வின்டர்தூர்ல ஒரு ஸ்ப்ரே கம்பஸ்டன் சேம்பர் கட்டினாங்க, 500 மில்லிமீட்டர் விட்டம், உள்ள நடக்கறதைக் கண்ணாடி வழியா கேமரால பார்க்கலாம். அதுக்கு என்ன அவசியம்னா, அதுவரைக்கும் எண்ணெய் ஸ்ப்ரே எப்படி உடையுது, எப்படி ஆவியாகுதுன்னு இருந்த மாடலெல்லாம் லாரி இன்ஜின் சைஸ்ல அளந்து வச்சது. பெரிய டூ ஸ்ட்ரோக்ல எக்சாஸ்ட் வால்வு நடுவுல உக்காந்திருக்கும், இன்ஜெக்டர் ஓரத்துல இருந்து சுத்தற காத்துக்குள்ள பீச்சும், நாசில் ஓட்டையும் பெருசு, எண்ணெயும் கெட்டியான ஹெவி ஃபியூவல். லாரி மாடலை அப்படியே பெருசாக்கினா ஒத்தே வராது. அந்த சேம்பர்ல இருந்து வந்த பேப்பருங்களை உங்க கைடுகிட்ட காட்டுங்க, விளம்பரம்னு சொல்ல மாட்டார், அதுல விக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.

இப்ப உங்க கைடோட பாதி நியாயத்துக்கு வரேன்.

2015ல வார்ட்சிலா 31 வந்துச்சு, உலகத்துலயே திறமையான ஃபோர் ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின்னு கின்னஸ்காரங்க சர்டிஃபிகேட் குடுத்தாங்க, ஒரு கிலோவாட் மணிக்கு 165 கிராம் எண்ணெய். உண்மையான எண்ணுதான். ஆனா இந்த வகை எண்ணுக்கெல்லாம் அடில பொடி எழுத்துல சில விஷயம் இருக்கும், அதை யாரும் ஸ்லைடுல பெருசா போட மாட்டாங்க. ஐஎஸ்ஓ கண்டிஷன்னா காத்து 25 டிகிரி, கூலருக்குப் போற தண்ணியும் 25 டிகிரி, எண்ணெயோட கலோரிஃபிக் வேல்யூ கிலோவுக்கு 42.7 மெகாஜூல். சாதாரணமா 85 சதவீத லோடு மாதிரி இன்ஜினுக்கு சௌகரியமான இடத்துல எடுத்தது. இன்ஜினே ஓட்டற பம்பெல்லாம் பெரும்பாலும் கணக்குல சேராது. அதுக்கு மேல 5 சதவீத டாலரன்ஸ், அதாவது அவ்வளவு கூடினாலும் கம்பெனி பொறுப்பில்ல. 165க்கு 5 சதவீதம் ஏத்தினா 173, காகிதத்துல இருக்கற இத்தனூண்டு சேமிப்பெல்லாம் அந்த டாலரன்ஸுக்குள்ளயே முங்கிடும். செங்கடல்ல ஆகஸ்ட் மாசம் போற கப்பல்ல இன்ஜின் ரூம் காத்து 45 டிகிரி, கடல் தண்ணி 32 டிகிரின்னு வச்சுத்தான் கிளாஸ்காரங்களே டிசைன் கண்டிஷன் போடறாங்க, அங்க அந்த 165 எங்க வரும்? கம்பெனி ஏமாத்துதுன்னு அர்த்தம் இல்ல, எல்லா கம்பெனியும் ஒரே கண்டிஷன்ல போட்டாத்தானே ஒப்பிட முடியும். ஆனா உங்க ப்ராஜெக்ட்ல வருஷத்துக்கு எவ்வளவு பங்கர் (கப்பல் எரிபொருள்) செலவுன்னு கணக்கு போடறப்ப அந்த எண்ணை அப்படியே தூக்கி வச்சீங்கன்னா வைவால மாட்டிப்பீங்க.

உங்க டாபிக்கான டூயல் ஃபியூவலுக்கு வருவோம், இங்கதான் விஷயமே இருக்கு.

வார்ட்சிலா டிஎஃப் (டூயல் ஃபியூவல்) இன்ஜின் காஸ்ல வேலை செய்யற விதம் ஆட்டோ (Otto) சைக்கிள். காஸை 5, 6 பார் அழுத்தத்துல இன்லெட் வால்வுகிட்டயே காத்தோட கலந்துடறாங்க, அந்தக் கலவையை பிஸ்டன் அழுத்துது, கடைசில துளியூண்டு பைலட் டீசல் பீச்சி பத்த வைக்கறாங்க, மொத்த எரிபொருள்ல அது 1 சதவீதம் அளவுக்குத்தான். கலவையை லீனா வச்சா, அதாவது காத்து தேவைக்கு ரெண்டு மடங்கு மாதிரி வச்சா, எரியற சூடு குறையும், நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) விழுந்துடும், எஸ்சிஆர் (புகைல நாக்ஸை நீக்கற கருவி) எதுவும் இல்லாமலே டியர் 3ங்கற நாக்ஸ் வரம்பு பாஸ். காஸை ரொம்ப சேர்த்தா நாக்கிங் (தானா வெடிக்கறது), ரொம்ப லீனா போனா மிஸ்ஃபயர் (பத்தாமலே போறது), ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல்லதான் இன்ஜின் ஓடணும், லோடு ஏற ஏற அந்த ஜன்னல் சுருங்கிட்டே போகும். அந்தப் படத்தை இந்தக் கம்பெனியோட பழைய பேப்பர் எதைத் திறந்தாலும் பார்க்கலாம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா காஸ் டைமிங் மாத்தி அந்த ஜன்னலுக்குள்ள நிக்க வச்சதுதான் அவங்களோட பெரிய சாதனை, நிஜமாவே சாதனைதான். 2006ல காஸ் தெ பிரான்ஸ் எனர்ஜின்னு பிரெஞ்சு எல்என்ஜி (திரவமாக்கின இயற்கை எரிவாயு) கப்பல்ல நாலு 50டிஎஃப் இன்ஜின் போட்டு கரண்ட் எடுத்து மோட்டார்ல ஓட்டினாங்க, அதுக்கு முன்னாடி எல்என்ஜி கப்பல்னா ஸ்டீம் டர்பைன்தான், டாங்க்ல தானா ஆவியாகற பாயில் ஆஃப் காஸை பாய்லர்ல எரிக்கறது. இந்த இன்ஜின் வந்ததும் ஸ்டீம் காலம் முடிஞ்சே போச்சு.

அந்தக் காலத்து பேப்பருங்களை வரிசையா படிச்சுப் பாருங்க. நாக்ஸ் கர்வ் இருக்கும், எஃபிஷியன்சி கர்வ் இருக்கும், கார்பன் டை ஆக்சைடு 20, 25 சதவீதம் கம்மின்னு ஒரு பார் சார்ட் இருக்கும். எரியாம வெளிய போற மீத்தேன் (எல்என்ஜியோட முக்கிய வாயு) பத்தி ஒரு பத்தி இருந்தாலே அதிகம். ஏன்னா அப்ப ஐஎம்ஓ (கப்பலுக்கு விதி போடற ஐநா அமைப்பு) சட்டத்துல நாக்ஸ் இருந்துச்சு, சல்ஃபர் இருந்துச்சு, இஇடிஐங்கற புதுக் கப்பல் டிசைன் சிக்கனக் கணக்குல கார்பன் டை ஆக்சைடு இருந்துச்சு. மீத்தேன் எங்கயும் இல்ல. ஒரு டிசைன் இன்ஜினியருக்கு மீத்தேனையும் பாருன்னு யார் காசு குடுப்பாங்க? இன்னும் மோசம் என்னன்னா, நாக்ஸ் குறைக்கறதுக்கு கலவையை லீன் பண்ணப் பண்ண மீத்தேன் ஏறும், ஒண்ணைக் குறைச்சா இன்னொண்ணு எகிறும், அதுல அளக்கற பக்கத்தைத்தான் குறைச்சாங்க.

மீத்தேன் எப்படித் தப்பிக்குதுன்னா, கலவையை அழுத்தறப்பவே அது எல்லா இடுக்குலயும் போய் ஒளிஞ்சுக்கும், பிஸ்டன் மேல் ரிங்குக்கு மேல லைனரோட ஒட்டின அந்த மெல்லிசு இடைவெளி, ஹெட் சேர்ற இடம், இங்கெல்லாம் தீ உள்ள நுழையாது, குளிர்ந்த சுவரு தீயை அணைச்சுடும். இட்லி மாவு அரைச்சப்புறம் கிரைண்டர் கல்லு ஓரத்துல ஒட்டிக்கிட்டு வழிச்சாலும் வராத மாவு இருக்கே, அந்த அளவுதான், ஆனா ஒவ்வொரு சுத்துலயும் அவ்வளவு போகும். இன்லெட்டும் எக்சாஸ்ட்டும் ஒரே நேரத்துல திறந்திருக்கற ஓவர்லாப் நேரத்துல கொஞ்சம் நேராவே ஓடிடும். லோடு கம்மியானா கலவை இன்னும் லீன், தீ சோம்பலாகி பாதிலயே அணையும். அதனால 25 சதவீத லோடுல ஸ்லிப், அதாவது இப்படி எரியாம தப்பிக்கற மீத்தேன், பல மடங்கு.

இதுக்கு நேர் எதிர் கட்சி மேனோட எம்இ ஜிஐ டூ ஸ்ட்ரோக், டீசல் சைக்கிள்லயே காஸை 300 பார்ல கடைசி நேரத்துல பீச்சறது, முன்னாடியே கலக்கறது கிடையாது, அதனால ஸ்லிப் ரொம்ப ரொம்ப கம்மி, ஆனா 300 பாருக்கு காஸ் பம்ப் கம்ப்ரசர்னு செலவு, நாக்ஸுக்குத் தனியா இஜிஆரோ (புகையைத் திருப்பி உள்ள விடறது) எஸ்சிஆரோ வேணும். 2013ல வார்ட்சிலா 16 பாருக்குக் கீழ ஓடற டூ ஸ்ட்ரோக்கை அறிவிச்சாங்க (இன்னிக்கு வின்ஜிடி எக்ஸ் டிஎஃப்), அப்ப இருந்து ரெண்டு கட்சி பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கறது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. இவங்க பேப்பர்ல நாக்ஸும் செலவும் முதல் பக்கம், அவங்க பேப்பர்ல மீத்தேன் முதல் பக்கம். ரெண்டு பேரும் பொய் சொல்லல, அவங்கவங்க ஜெயிக்கற மைதானத்துல ஆடறாங்க. அப்புறம் பாருங்க, மேனே எம்இ ஜிஏன்னு ஒரு லோ பிரஷர் இன்ஜினைக் கொண்டு வந்தாங்க, 2024ல அதை லிஸ்ட்ல இருந்து எடுத்தும் விட்டாங்க.

சரி, அந்த ஸ்லிப் எவ்வளவு பெரிய விஷயம்? யார் பேப்பரையும் நம்பாம நாமளே கணக்கு போடலாம். ஒரு கிலோ எல்என்ஜி முழுசா எரிஞ்சா 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு, சக்தி 49.1 மெகாஜூல், அதாவது ஒரு மெகாஜூலுக்கு 56 கிராம். மரைன் காஸ் ஆயில்னா கிலோவுக்கு 3.206 கிலோ, 42.7 மெகாஜூல், மெகாஜூலுக்கு 75 கிராம். அந்த 25 சதவீத லாபம் இதான், இது வரைக்கும் பார் சார்ட் சரி. இப்ப 3.1 சதவீதம் எரியாம போகுதுன்னு வைங்க (ஐரோப்பிய யூனியனோட ஃபியூவல் இயூ விதில மீடியம் ஸ்பீடு ஆட்டோ சைக்கிளுக்குப் போட்டிருக்கற டீஃபால்ட் எண்ணு அதான், லோ ஸ்பீடு ஆட்டோவுக்கு 1.7, ஹை பிரஷர் டீசல் சைக்கிளுக்கு 0.2). மீத்தேன் நூறு வருஷக் கணக்குல கார்பன் டை ஆக்சைடை விட ஏறக்குறைய 30 மடங்கு. கூட்டிப் பார்த்தா மெகாஜூலுக்கு 73 கிராம். லாபம் போயே போச்சு, டீசலும் இதுவும் ஒண்ணு. இருபது வருஷக் கணக்குல, அதாவது 82 மடங்குன்னு போட்டா, 106 கிராம், டீசலை விட மோசம். இதுல காஸ் கிணத்துல இருந்து பங்கர் ஆகற வரைக்கும் ஒழுகறதை இன்னும் சேர்க்கவே இல்ல.

2024ல ஐசிசிடிங்கற சுத்தப் போக்குவரத்து ஆராய்ச்சி அமைப்பு ட்ரோனையும் ஹெலிகாப்டரையும் ஓடற கப்பலோட புகைக்குள்ள விட்டு அளந்தாங்க, மீடியம் ஸ்பீடு லோ பிரஷர் இன்ஜினுக்கு சராசரி 6.4 சதவீதம் வந்துச்சு. மேல போட்ட அதே கணக்குல 6.4 போட்டா நூறு வருஷக் கணக்குலயே 91 கிராம். கம்பெனி எண்ணுக்கும் இதுக்கும் ஏன் இவ்வளவு தூரம்? டெஸ்ட் பெட்ல (ஃபேக்டரில இன்ஜினை ஓட்டிச் சோதிக்கற இடம்) இ2, இ3ங்கற சோதனை முறைப்படி நாலு லோடுல அளந்து எடை போட்டு சராசரி எடுப்பாங்க, 75 சதவீத லோடுக்கு 0.5 எடை, 100க்கு 0.2, 50க்கும் 25க்கும் 0.15 தலா. ஸ்லிப் ஜாஸ்தியா இருக்கற அந்த 25 சதவீதத்துக்கு 0.15தான். நிஜத்துல துறைமுகத்துல சும்மா நிக்கறப்ப, ஆங்கர்ல கிடக்கறப்ப, ரெண்டு ஜெனரேட்டர் போதும்னாலும் பிளாக் அவுட் பயத்துல நாலையும் ஆன் பண்ணி வச்சு ஒவ்வொண்ணும் 30 சதவீதத்துல முனகிட்டு இருக்கறப்ப, அந்த சராசரி யாருக்கு உதவும்? சீஃப் இன்ஜினியரைக் குத்தம் சொல்ல முடியாது, பிளாக் அவுட் ஆனா விளக்கம் எழுதப்போறது அவர்தானே.

அப்புறம் சட்டம் வந்துச்சு. ஃபியூவல் இயூ 2025 ஜனவரி 1ல இருந்து, ஐரோப்பிய கார்பன் சந்தைல கப்பல் மீத்தேன் 2026ல இருந்து. இது வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே பேப்பரோட முகமே மாறிப்போச்சு பாருங்க. 2023ல வார்ட்சிலா 31டிஎஃப் இன்ஜினுக்கு நெக்ஸ்ட் டிஎஃப்னு ஒரு வெர்ஷன் அறிவிச்சாங்க, ஸ்லிப் எல்லா லோடுலயும் 2 சதவீதத்துக்குள்ள, பரவலான ஒரு ரேஞ்சுல 1.1 வரைக்கும் இறங்கும்னு. வாசாவுக்கும் ஸ்வீடன் பக்கம் உமேயாவுக்கும் ஓடற அரோரா போட்னியா ஃபெர்ரில நாலு இன்ஜின்ல ஒண்ணுல வச்சு ஓட்டிப் பார்த்தாங்க, அவங்க ஃபேக்டரி இருக்கற ஊருக்கே தினம் வந்து போற கப்பல், அதை விட வசதியான ஆராய்ச்சிக்கூடம் கிடைக்காது. வின்ஜிடி எக்சாஸ்ட்டைக் குளிர வச்சு திருப்பி உள்ள விடற ஐசெர் கொண்டு வந்தாங்க. 1.1 சதவீதம்னா நம்ம கணக்குல 62 கிராம், லாபம் மறுபடி கைல வருது. ஆக, அதே கம்பெனி, அதே ஊரு, ஏறக்குறைய அதே ஆளுங்க. தெரியாததால விடல, கேக்கறதுக்கு ஆள் இல்லாததால விட்டாங்க. இது என்னோட கருத்து, நீங்க ப்ராஜெக்ட்ல இப்படியே எழுதாதீங்க, பேப்பர் வந்த வருஷத்தையும் சட்டம் வந்த வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல ஒரு டேபிள்ல போடுங்க, அதுவே பேசிடும்.

கம்பெனி பேப்பர்லயே எனக்கு ரொம்பப் பிடிச்ச வகை சர்வீஸ் எக்ஸ்பீரியன்ஸ். வித்த இன்ஜின் ஓடி ஓடி என்ன கெட்டுதுன்னு எழுதறது. 2008 நெருக்கடிக்கு அப்புறம் எல்லாரும் ஸ்லோ ஸ்டீமிங் (எண்ணெய் மிச்சம் பண்ண கப்பலை மெதுவா ஓட்டறது) போனாங்க, ஸ்ட்ரோக்கை நீளமாக்கி ஆர்பிஎம் குறைச்ச புது டிசைனும் வந்துச்சு, லோ லோடுல எரிபொருள் மிச்சமாகற மாதிரி டியூனிங்கும் பண்ணாங்க, எஃபிஷியன்சி பேப்பர்ல எல்லாமே சூப்பர். ஆனா சிலிண்டர் அழுத்தம் ஏறினதுல கந்தக அமிலம் ஆவில இருந்து திரவமா படியற சூடான டியூ பாயின்ட்டும் மேல ஏறுச்சு, லோடு கம்மியானதால லைனர் சுவரு சூடு கீழ இறங்குச்சு, எண்ணெய்ல இருக்கற சல்ஃபர் அமிலமா மாறி லைனர்லயே படிஞ்சு இரும்பைத் தின்னுச்சு. கோல்டு கொரோஷன். நல்ல லைனர் ஆயிரம் மணிக்கு 0.1 மில்லிமீட்டருக்குள்ள தேயணும், சில கப்பல்ல அதெல்லாம் கனவாப் போச்சு. பிஎன் 70 (பிஎன்னா அமிலத்தை முறிக்கற சக்தி) சிலிண்டர் ஆயில் இருந்த இடத்துல பிஎன் 100 வந்துச்சு, ஜாக்கெட் தண்ணி சூட்டை ஏத்தினாங்க, லைனர் டிசைனையே மாத்தினாங்க, கப்பல்லயே ஸ்க்ரேப் டவுன் ஆயில் (லைனர்ல இருந்து வழிஞ்சு கீழ வர்ற ஆயில்) எடுத்து இரும்பு எவ்வளவுன்னு பார்க்கற பழக்கமும் அப்பதான் பரவுச்சு. எஃபிஷியன்சி பேப்பரையும் அதுக்கு ரெண்டு மூணு வருஷம் கழிச்சு வந்த கொரோஷன் பேப்பரையும் சேர்த்துப் படிச்சாத்தான் ஒரு டிசைன் முடிவோட முழு விலை தெரியும். முதல் பேப்பரை மட்டும் படிச்சா உங்க கைடு சொல்றது சரியாயிடும்.

எனர்ஜி பக்கம் சுருக்கமா. அதே 50டிஎஃப் இன்ஜின்ல 38 எண்ணிக்கை ஜோர்டான்ல அம்மான் பக்கத்துல நிக்குது, ஐபிபி 3 பவர் பிளான்ட், 573 மெகாவாட். (நம்ம சென்னை பேசின் பிரிட்ஜ்லயும் ஒரு காலத்துல டீசல் இன்ஜின் வச்சே 200 மெகாவாட் எடுத்தாங்க.) கரைல இருக்கற இன்ஜின் நிலையான ஆர்பிஎம்ல ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடும், அளக்கறதுக்கு இடம் இருக்கு, ஆளு இருக்கு, அங்க கத்துக்கிட்டது கப்பலுக்கு வரும். இன்னொரு பக்கம் பேட்டரி. 2017ல கிரீன்ஸ்மித்ங்கற அமெரிக்க ஸ்டோரேஜ் கம்பெனியை வாங்கினாங்க. அதுக்கும் முன்னாடியே வைகிங் லேடின்னு நார்வே சப்ளை கப்பல்ல கப்பல் ஓனர் எய்டஸ்விக், கிளாஸ் சொசைட்டி டிஎன்வி கூட சேர்ந்து ஒரு ஆராய்ச்சி, 2009ல 320 கிலோவாட் ஃபியூவல் செல் வச்சாங்க, 2013ல பேட்டரி வச்சாங்க. ஃபியூவல் செல் ஓடுச்சு, பேப்பரும் வந்துச்சு, ஆனா கப்பல்காரங்க வரிசைல நின்னு வாங்கினது பேட்டரியைத்தான். உங்க டாபிக்குக்கு இது நேரா சம்பந்தம்: பேட்டரி இருந்தா பிளாக் அவுட் பயத்துக்குக் கூடுதலா ஒரு இன்ஜினை ஆன் பண்ணி வைக்க வேண்டாம், ஓடற இன்ஜின் 75 சதவீத லோடுல ஓடும், மீத்தேன் தானா இறங்கும், இன்ஜினுக்குள்ள ஒரு போல்ட்டைக் கூடத் தொடாம.

ப்ராஜெக்ட்டுக்கு என்ன பண்ணலாம்னா, முதல்ல வார்ட்சிலா ப்ராடக்ட் கைடு டவுன்லோடு பண்ணுங்க, காசு இல்லாம கிடைக்கும், 100, 85, 75, 50 சதவீத லோடுக்கு ஹீட் பேலன்ஸ் டேபிள் இருக்கும், கீழ இருக்கற நோட்ஸை விடாம படிங்க. அடுத்து, ஃபின்லாந்துல ஒரு நல்ல வழக்கம், வாசா பக்கம் காலேஜ் பசங்க கம்பெனிலயே உக்காந்து தீசிஸ் எழுதி அதை பொதுவுல வச்சுடுவாங்க, தீசியஸ்னு தேடினா கிடைக்கும், சில அனெக்ஸர் மறைச்சிருப்பாங்க, ஆனா டெஸ்ட் எப்படி செட் பண்ணாங்க, சென்சார் எங்க வச்சாங்க, எது சரியா வரலன்னு மாநாட்டு பேப்பரை விட வெளிப்படையா எழுதியிருப்பாங்க. கம்பெனி பேப்பரை ரெஃபரன்ஸ்ல தாராளமா போடுங்க, பக்கத்துலயே ஐசிசிடி மாதிரி வெளி ஆளு அளந்ததையும் போடுங்க, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்துக்கு லோடு எவ்வளவு காரணம்னு நீங்களே ஒரு கணக்கு காட்டுங்க. கைடு அதுக்கு மேல பேச மாட்டார்.

நேரம் இருந்தா அமோனியா பேப்பரையும் ஒரு கை பாருங்க, அடுத்த கதை அங்கதான் ஓடிட்டு இருக்கு. 2023 கடைசில வார்ட்சிலா 25 இன்ஜினுக்கு அமோனியா வெர்ஷன் அறிவிச்சாங்க, ஜப்பான்ல சாகிகாகேங்கற டக் போட் 2024ல அமோனியா இன்ஜினோட வந்துடுச்சு. எல்லா ஸ்லைடுலயும் கார்பன் ஜீரோ. அமோனியா சரியா எரியலன்னா நைட்ரஸ் ஆக்சைடு வரும், அது கார்பன் டை ஆக்சைடை விட 273 மடங்கு. 25 சதவீத லோடுல நைட்ரஸ் ஆக்சைடு கர்வ் எந்த பேப்பர்ல இருக்கு, எதுல இல்லன்னு மட்டும் குறிச்சு வச்சுக்கங்க.